பனியாற்று ஓடையின் ஒட்டுப்பாசி: ஓராண்டு ஆய்வுக்கு எந்த முறை சரிப்படும்?

ஒரு வருடம், இரண்டு பேர், ஒரு நல்ல நுண்ணோக்கி, அளவான பணம். இதை வைத்துக்கொண்டு, பனியாற்றிலிருந்து இறங்கும் ஓடை ஒன்றில் கல்லோடு ஒட்டி வாழும் பாசிகள் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகின்றன என்று பார்க்க வேண்டும். மூன்று முடிவுகளை முன்கூட்டியே எடுத்தாக வேண்டும்: எப்போது போவது, எதிலிருந்து சுரண்டுவது, சுரண்டியதை எப்படி அளப்பது. சமவெளி ஆறுகளில் பழகியவர்கள் மாதம் ஒருமுறை போய், பாசி ஒட்டி வளர டைல் பதித்து, டயாட்டம் (சிலிக்கா ஓடு கொண்ட நுண்பாசி) எண்ணுவது என்று திட்டம் போட்டுவிடுவார்கள். பனியாற்று ஓடையில் இந்த மூன்றுமே காலை வாரும். இங்கே பாசி செழிப்பது கோடையில் அல்ல, குளிர்காலத்தின் இரண்டு ஓரங்களில். அந்தச் செழிப்பில் பெரும்பங்கு டயாட்டமும் அல்ல.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கில், மேல் எங்காடினில், பெர்னினா மலைத்தொடரின் அடியில் இருக்கிறது வால் ரோசெக் பள்ளத்தாக்கு. சியெர்வா, ரோசெக் என்ற இரண்டு பனியாறுகளின் நீர் சேர்ந்து, சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு அகன்ற வெள்ளச் சமவெளியில் பல கிளைகளாகப் பிரிந்து ஓடி, பொன்ட்ரெசினா ஊருக்கு இறங்குகிறது. ரோசெக் பக்கத்து நீர் வழியில் ஓர் ஏரியைக் கடந்து வருகிறது. இது பிறகு தேவைப்படும். 1990களின் பிற்பகுதியில் ஈவாக் என்ற சுவிஸ் நீரியல் ஆய்வு நிறுவனத்தினர் இங்கே விரிவாக வேலை செய்தார்கள். பனியாற்று ஓடையின் பருவ மாற்றம் பற்றி இன்று நாம் எடுத்துக்கொள்ளும் பல விஷயங்கள் அந்த வேலையிலிருந்து வந்தவை.

இந்த ஓடையின் ஆண்டு எப்படி நகர்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் பாதி தானாக விழுந்துவிடும். ஜனவரியில் பல கிளைகள் வற்றிப்போயிருக்கும். ஓடுகிற கொஞ்ச நீரும் நிலத்தடியிலிருந்து ஊறி வருவது, கண்ணாடி போலத் தெளிந்தது, ஆனால் மேலே பனி மூடி வெளிச்சம் குறைவு. ஏப்ரலில் கரையோரப் பனி விலகும், வெயில் ஏறும், பனியாறு இன்னும் உருகத் தொடங்கியிருக்காது. தெளிந்த நீர், குறைந்த ஓட்டம், நல்ல வெளிச்சம் மூன்றும் ஒரே சமயத்தில் கூடிவரும் சில வாரங்கள் இவை. ஜூனில் பனிக்கரைசல், அதாவது குளிர்காலத்தில் விழுந்த பனி உருகிய நீர், வந்து ஓட்டத்தை ஏற்றும். ஜூலை, ஆகஸ்டில் பனியாறு அரைத்துத் தள்ளும் பாறைமாவு நீரைப் பால் நிறமாக்கிவிடும். வெளிச்சம் அடிக்கல்லை எட்டாது, உருளும் சரளை கல்லின் மேற்பரப்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். செப்டம்பர் கடைசியில் உருகல் அடங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை இரண்டாவது சாளரம் திறந்து, பனி விழுந்து மூடும்வரை நீடிக்கும்.

கோடையில் வெயிலும் இருக்கிறது, ஒப்பீட்டளவில் வெப்பமும் இருக்கிறது, பாசி மட்டும் இல்லை. சமவெளி ஆற்றின் நாட்காட்டியை இங்கே தலைகீழாகப் பிடித்துப் படிக்க வேண்டும்.

நாட்காட்டியா, நீரோட்டமா?

மாதம் ஒருமுறை போவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு: புள்ளிகளுக்கு இடையிலான தூரம் சமமாக இருந்தால் கணக்குப் போடுவது எளிது, இன்னொரு ஓடையோடு ஒப்பிடுவதும் எளிது. 12 முறை, ஒவ்வொரு முறையும் 4 கிளைகள் என்றால் 48 மாதிரித் தொகுப்புகள். டயாட்டம் ஸ்லைடு ஒன்றை ஒழுங்காக எண்ணி முடிக்க அனுபவமுள்ளவருக்கே அரை நாள் போகும். 48 ஸ்லைடு என்றால் நுண்ணோக்கி முன்னால் 24 நாள். இது இரண்டு பேரால் முடியாத வேலை அல்ல.

சிக்கல் வேறு இடத்தில். வசந்த காலச் சாளரம் சில வாரங்களே திறந்திருக்கும். ஏப்ரல் 5, மே 5, ஜூன் 5 என்று தேதி குறித்துவிட்டால், பனி தாமதமாக விலகிய வருடத்தில் முதல் பயணம் சீக்கிரமாகிவிடும், மூன்றாவது பயணத்தில் வெள்ளம் வந்திருக்கும். உச்சம் நடுவில் நழுவிப் போகும். அதே நேரத்தில் ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான வெறுங்கல்லை இரண்டு தடவை சுரண்டுவீர்கள்.

எங்கள் தேர்வு, நீரோட்டத்தின் கட்டத்தைப் பார்த்துப் போவது. ரோசெக் ஓடைக்கு பொன்ட்ரெசினாவில் சுவிஸ் மத்திய அரசின் நீரளவு நிலையம் இருக்கிறது. தரவு இணையத்தில் உடனுக்குடன் வரும். அதில் பார்க்க வேண்டியது சராசரி ஓட்டத்தை அல்ல, ஒரே நாளுக்குள் காலைத் தாழ்வுக்கும் மாலை உச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. அந்த அலை கிட்டத்தட்டத் தட்டையாக இருந்தால் பனியாறு இன்னும் தூங்குகிறது, போகலாம். தினமும் சாயங்காலம் கோடு மேலே ஏறத் தொடங்கினால் சாளரம் மூடிக்கொண்டிருக்கிறது. அந்த வாரமே போயாக வேண்டும். ஆறு பயணங்கள் போதும்: பிப்ரவரி அல்லது மார்ச்சில் பனிக்கடியில், வசந்தத்தில் அலை எழும்புவதற்கு முன், ஜூனில் பனிக்கரைசல் ஏறும்போது, ஆகஸ்டில் உருகல் உச்சத்தில், அலை அடங்கி இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, டிசம்பர் தொடக்கத்தில். ஆறு நடை, நாலு கிளை, 24 தொகுப்பு. மாதாந்திரத் திட்டத்தில் பாதி. மிச்சமாகும் நாட்களை ஒவ்வொரு முறையும் மும்மடங்கு மாதிரி எடுக்கச் செலவிட்டால், ஒரு நாளின் எண் எவ்வளவு நம்பத்தக்கது என்றாவது தெரியும்.

நாலு பயணத்துக்குத்தான் பணம் என்றால் பிப்ரவரியையும் ஜூனையும் விடலாம். ஆகஸ்டை விடக்கூடாது. "அங்கேதான் ஒன்றும் இல்லையே" என்று பலர் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். பருவ மாற்றம் என்பதே மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம். பள்ளத்தை அளக்காமல் மேட்டின் உயரத்தைச் சொல்ல முடியாது.

கட்டத்தைப் பார்த்துப் போவதில் நஷ்டமும் உண்டு. தேதிகள் முன்கூட்டியே தெரியாது, ஆளையும் ஆய்வகத்தையும் தயாராக வைத்திருக்க வேண்டும். வால் ரோசெக்கில் தனியார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பொன்ட்ரெசினாவிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் நடந்தோ குதிரை வண்டியிலோ போக வேண்டும். குளிர்காலத்தில் பனிச்சரிவு எச்சரிக்கை பார்க்காமல் கிளம்பக்கூடாது. கோடையில் வேலையைக் காலை 10 மணிக்குள் முடித்துவிட வேண்டும். காலையில் முழங்கால் அளவில் கடந்த கிளையைச் சாயங்காலம் திரும்பக் கடக்க முடியாமல் போவது இங்கே சகஜம்.

எந்தக் கிளை?

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. பனியாற்று நீர் ஓடும் முதன்மைக் கிளை ஒன்று, கோடையில் மட்டும் அதோடு சேரும் பக்கக் கிளை ஒன்று, நிலத்தடி ஊற்றால் ஓடும் கிளை ஒன்று, மலைச்சரிவிலிருந்து வரும் துணை ஓடை ஒன்று. ஊற்றுக் கிளைதான் ஒப்புநோக்கும் தராசு. ஆகஸ்டில் முதன்மைக் கிளை வெறிச்சென்று கிடக்கும்போது 50 மீட்டர் தள்ளி ஊற்றுக் கிளையில் பாசி மெத்தை விரித்திருந்தால், குறை பருவத்தில் இல்லை, நீரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்த ஒரு கிளை இல்லாமல் எழுதப்பட்ட பருவ ஆய்வுகள் வெயிலையும் வெள்ளத்தையும் பிரித்துச் சொல்ல முடியாமல் திணறும்.

கல்லா, டைலா?

டைல் பார்க்க அழகு. மெருகு பூசாத 10 செ.மீ. சதுரச் சுடுமண் டைல், காங்கிரீட் பலகையில் சிலிக்கான் பசையால் ஒட்டி, 4 வாரம் நீரில் போட்டு எடுத்தால் பரப்பளவும் தெரியும், வயதும் தெரியும். பருவங்களை ஒப்பிடும்போது "எல்லாமே 28 நாள் வளர்ச்சி" என்று சொல்ல முடிவது உண்மையிலேயே பெரிய வசதி.

ஆனால் எங்கே போடுவீர்கள்? முதன்மைக் கிளையில் ஜூலையில் பதித்த டைல் ஆகஸ்டில் மூன்றில் ஒரு கதிக்கு ஆளாகியிருக்கும்: சரளைக்கடியில் புதைந்திருக்கும், புரண்டு குப்புறக் கிடக்கும், அல்லது கிளையே இடம் மாறி அது வறண்ட மணலில் காய்ந்துகொண்டிருக்கும். அக்டோபரில் வேறு தொல்லை. நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்குவதால், பதிக்கும்போது 20 செ.மீ. ஆழத்தில் இருந்த டைல் எடுக்கும்போது நீருக்கு வெளியே இருக்கும். நீரை உறிஞ்சிய சுடுமண் அந்த ராத்திரிக் குளிரில் உறைந்து செதில் செதிலாக உரியும்; அதோடு பாசியும் போகும். தப்பிப் பிழைத்த டைல்களை மட்டும் எண்ணினால் அமைதியான இடங்களை மட்டும் எண்ணியதாகிவிடும். அதுவே ஒரு சாய்வு.

கல்லில் பரப்பளவு குழப்பம், வயது தெரியாது. டயாட்டம் மாதிரி எடுப்பதற்கான ஐரோப்பிய நெறியான ஈ.என். 13946 குறைந்தது ஐந்து கூழாங்கற்களைக் கேட்கிறது. கல் நான்கு வாரமாவது நீருக்குள் இருந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பனியாற்றுக் கிளையில் இந்த நான்கு வார விதியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது. கோடையில் நேற்றுத்தான் உருண்டு வந்த கல்லாகக்கூட இருக்கலாம். அது குறைதான். ஆனாலும் அந்தக் கல் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் ஓடையின் அடித்தளம் இருக்கிறது. உருண்டு தேய்ந்த கல்லைத் தவிர்த்துவிட்டு எடுத்தால் ஆகஸ்டின் உண்மையே போய்விடும். ஆகவே கல்லையே எடுங்கள். டைலை ஊற்றுக் கிளையில் மட்டும், புதிதாகக் குடியேறும் வேகத்தைத் தனியாக அளக்க விரும்பினால், வையுங்கள்.

கல்லைச் சுரண்டும் முறையில்தான் பாதி ஆய்வுகள் கெட்டுப்போகின்றன. அதனால் கொஞ்சம் நின்று சொல்லலாம்.

10 மீட்டர் நீளத்துக்குள், ஒரே ஆழம், ஒரே வேகம் உள்ள இடத்தில், உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய ஐந்து கற்கள். கண்ணைக் கவரும் கல்லை எடுக்கக்கூடாது. அடர்ந்த பாசி உள்ள கல்லின் பக்கம்தான் கை தானாகப் போகும். குறுக்காக ஒரு கயிறு கட்டி, ஐந்து முடிச்சுக்கு நேர் கீழே கை படும் முதல் கல்லை எடுப்பது எளிய தீர்வு. கல்லை நீருக்குள்ளிருந்து தூக்கும்போது வேகமாக இழுத்தால் வழுவழுப்பான பாசி வால் போல நழுவி ஓடிவிடும். நீருக்கடியிலேயே கல்லுக்குக் கீழே ஒரு தட்டைக் கொடுத்து, இரண்டையும் சேர்த்து மெல்லத் தூக்க வேண்டும்.

மேற்புறத்தில் பி.வி.சி. குழாய் மூடி ஒன்றை அழுத்திப் பிடியுங்கள். உள்விட்டம் 3.6 செ.மீ. என்றால் வட்டத்தின் பரப்பு 10.2 சதுர செ.மீ. மூடிக்கு வெளியே உள்ளதையெல்லாம் முதலில் கத்தியால் சுரண்டிக் கழுவித் தள்ளிவிட்டு, பிறகு மூடியை எடுத்து, உள்ளே மிஞ்சிய வட்டத்தைக் கடினமான பல் துலக்கும் பிரஷால் தட்டுக்குள் துலக்குங்கள். கல்லுக்கு இரண்டு வட்டம், ஐந்து கல், மொத்தம் 102 சதுர செ.மீ. அதே ஓடையின் நீரை வடிகட்டி, அதைக் கொண்டு கழுவி 200 மில்லி கலங்கலாக்குங்கள். குழாய் நீர் கூடாது. உப்புச் செறிவு மாறினால் மெல்லிய செல்கள் சிதையக்கூடும். ஒவ்வொரு தொகுப்புக்கும் புதிய பிரஷ். பழைய பிரஷின் மயிர்களுக்கு நடுவே போன கிளையின் டயாட்டம் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

கல்லை அலுமினியத் தாளில் சுற்றி, தாளின் எடையிலிருந்து பரப்பைக் கணக்கிடும் முறையும் உண்டு. உருண்டைக் கல்லுக்குச் சரி. பெர்னினாவின் கரடுமுரடான கோணக்கற்களில் தாள் மடிந்து மடிந்து பரப்பை ஏற்றிக் காட்டும். வட்ட மூடி போதும்.

எதை அளப்பது?

நான்கு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஓடையின் வெவ்வேறு வருடத்தைக் காட்டும்.

ஏன் என்று புரிய ஹைட்ரூரஸ் ஃபோயடிடஸ் என்ற பாசியைக் கொஞ்சம் அருகில் பார்க்க வேண்டும். இது டயாட்டம் அல்ல, பொன்னிறப் பாசி வகை. வசந்தத்தில் பனியாற்று ஓடையின் கற்களில் பழுப்புக் குதிரைவால் போல, தொட்டால் வழுக்கும் கிளைத்த இழைகளாக நீரோடு சேர்ந்து அலையும். நன்றாக வளர்ந்தால் ஒரு சாணுக்கு மேலும் நீளும். செல்களைப் பிணைத்து வைத்திருப்பது கெட்டியான பசை. பெயரிலேயே நாற்றம் இருக்கிறது: லத்தீனில் ஃபோயடிடஸ் என்றால் நாறுவது. கசக்கினால் மீன்வாடை போன்ற கெட்ட வாசம். குளிர்நீரில்தான் வாழும், 10 டிகிரி செல்சியசைத் தாண்டினால் தேய்ந்துபோகும். வால் ரோசெக்கின் முதன்மைக் கிளையில் இரண்டு சாளரங்களிலும் ஆதிக்கம் இதனுடையது.

இப்போது டயாட்டம் எண்ணிக்கைக்கு வருவோம். 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் மாதிரியை 90 டிகிரி சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டு, வடிநீரால் நாலு முறை கழுவினால் சிலிக்கா ஓடுகள் மட்டும் மிஞ்சும். நாஃப்ராக்ஸ் பிசினில் பதித்து, 1,000 மடங்கு எண்ணெய் லென்சில் 400 ஓட்டிதழ்கள் (ஓர் ஓட்டின் இரு பாதிகளில் ஒவ்வொன்றும் ஓர் இதழ்) எண்ணுவார்கள். உலகெங்கும் ஒப்பிடத்தக்க, இனம் வரை போகக்கூடிய நல்ல முறை. ஆனால் பெராக்சைடு ஹைட்ரூரசை முழுக்கத் தின்றுவிடும். ஏப்ரலில் கல்லை மூடியிருந்த பாசியின் பெரும்பங்கு குடுவையில் நுரைத்துப் பொங்கி ஆவியாகிப் போக, ஸ்லைடில் அதன் நடுவே ஒளிந்திருந்த அக்னாந்திடியம், வில்லாக வளைந்த ஹன்னேயா, சில எஞ்சியோனெமா ஆகிய டயாட்டங்கள் மட்டும் வந்து நிற்கும். வெளிவரும் அட்டவணையில் ஏப்ரல் ஓர் அமைதியான டயாட்டம் மாதம். (பொங்குவது சொல்வழக்கு அல்ல. பசை அதிகமுள்ள மாதிரியில் பெராக்சைடைச் சிறிது சிறிதாக, புகைக்கூண்டுக்குள் வைத்து ஊற்றாவிட்டால் மேசை முழுக்க வழியும்.)

ஆகஸ்டில் பிழை எதிர்ப்பக்கம் சாயும். கல்லில் உயிருள்ளது கொஞ்சம். மேலேயுள்ள ஏரியிலிருந்தும் ஊற்றுக் கிளைகளிலிருந்தும் அடித்துவந்த காலி ஓடுகள் பாறைமாவோடு சேர்ந்து கல்லின் குழிகளில் படிந்திருக்கும். அமிலத்தில் கழுவிய பிறகு காலி ஓட்டையும் உயிரோடிருந்த ஓட்டையும் பிரிக்க வழியில்லை. 400 எண்ணி முடிக்கும்போது பல இடத்து இனங்கள் கலந்து, இனப் பன்மையை அளக்கும் ஷானன் குறியீடு ஏறும். "உருகல் உச்சத்தில் பன்மை அதிகம்" என்று முடிவு எழுதிவிடலாம். ஓடையில் அப்படி ஒன்றும் நடந்திருக்காது. இந்த ஒரு பிழைக்காகவே, டயாட்டம் ஸ்லைடை மட்டும் நம்பிப் பனியாற்று ஓடையின் பருவத்தை எழுதக்கூடாது என்று சொல்கிறோம்.

மாற்று, உயிரோடு பார்ப்பது. கலங்கலில் 20 மில்லியைப் பதப்படுத்தாமல் ஐஸ் பெட்டியில் வைத்து, அன்று மாலையே 400 மடங்கில் பார்க்க வேண்டும். ஹைட்ரூரஸ் அறை வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே பசை கரைந்து தனிச் செல்களாகச் சிதறும். மறுநாள் பார்த்தால் அது எந்தப் பாசி என்றே தெரியாது. நீலப்பச்சை நுண்ணுயிரிகளான ஃபோர்மிடியம், கேமேசைஃபன், பச்சைப்பாசியான யூலோத்ரிக்ஸ் எல்லாம் இந்தப் பார்வையில்தான் வரும். டயாட்டங்களில் பசுங்கணிகம் உள்ளது எத்தனை, காலி எத்தனை என்று 200 செல்களுக்கு எண்ணி ஒரு விகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் ஸ்லைடை எவ்வளவு நம்பலாம் என்பதை அந்த விகிதம்தான் சொல்லும். பாதிக்கு மேல் காலி என்றால் அந்த மாதப் பன்மைக் குறியீட்டை வரைபடத்தில் மற்ற மாதங்களோடு சேர்த்துக் கோடு இழுக்காதீர்கள். உயிர்ப் பார்வையின் பலவீனம், டயாட்டத்தை இனம் வரை பிரிக்க முடியாது, பார்ப்பவரின் பழக்கத்தைப் பொறுத்து எண் மாறும். இன்னொரு 20 மில்லியில் லூகோல் என்ற அயோடின் கரைசலை, வெளிர் தேநீர் நிறம் வரும்வரை விட்டு, இருட்டில் வைத்தால் பிறகு சரிபார்க்கலாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்து லூகோல் சேர்க்க வேண்டும்.

பச்சைய அளவு மூன்றாவது. பன்மையைச் சொல்லாது, மொத்தத்தைச் சொல்லும். மலிவு, வேகம், எல்லாப் பாசியையும் சேர்த்துப் பிடிக்கும். 20 மில்லியைக் கண்ணாடியிழை வடிதாளில் வடித்து, இருட்டில் உறையவைத்து, 90 விழுக்காடு எத்தனாலில் 75 டிகிரியில் 5 நிமிடம் வைத்துப் பிரித்து, 665 நானோமீட்டரில் அமிலம் விடுவதற்கு முன்னும் பின்னும் ஒளி உறிஞ்சலை அளப்பது ஐ.எஸ்.ஓ. 10260 முறை. இரண்டு அளவிலிருந்தும் 750 நானோமீட்டர் அளவைக் கழிக்க வேண்டும். கணக்கு இப்படி: திருத்திய இரு அளவுகளின் வித்தியாசம் 0.12, எத்தனால் 10 மில்லி, குவளையில் ஒளி கடக்கும் தூரம் 1 செ.மீ. என்று வையுங்கள். 29.6 அந்த முறையின் மாறிலி. 29.6 × 0.12 × 10 = 35.5 மைக்ரோகிராம். 200 மில்லியில் 20 மில்லிதான் வடித்தோம், அதாவது 102இல் பத்தில் ஒரு பங்கு, 10.2 சதுர செ.மீ. ஆகவே சதுர செ.மீட்டருக்கு 3.48 மைக்ரோகிராம், சதுர மீட்டருக்கு 34.8 மில்லிகிராம். சுரண்டிய பரப்பைக் குறித்துவைக்க மறந்தால் இந்தக் கடைசி வரி எழுத முடியாது, மொத்த மாதிரியும் வீண்.

பாறைமாவு இங்கேயும் விளையாடும். ஆகஸ்ட் மாதிரியில் நுண்துகள் வடிதாளைத் தாண்டி எத்தனாலில் மிதந்து 750 நானோமீட்டர் அளவை ஏற்றிவிடும். மறுபடி மையவிலக்கியில் சுற்றித் தெளியவைத்த பிறகே அளக்க வேண்டும். 0.01க்கு மேல் நிற்கும் 750 அளவை நம்ப வேண்டாம். பச்சையத்துக்குப் பதிலாகச் சாம்பலற்ற உலர் எடையை (உலர்ந்த மாதிரியை எரிக்கும்போது குறையும் எடையை) எடுக்கலாமே என்று தோன்றும். கோடையில் வேண்டாம். மில்லிகிராம் கணக்கான உயிர்ப்பொருள் பல மடங்கு கல்மாவுக்குள் புதைந்திருக்கும். 500 டிகிரி உலையில் களிமண் தன்னுள் பிணைந்த நீரையும் விட்டுவிடும், அந்த எடை இழப்பும் பாசிக் கணக்கில் ஏறிவிடும். சாம்பலை ஈரமாக்கி 105 டிகிரியில் மறுபடி உலர்த்தி நிறுத்தால் பிழை குறையும், போகாது.

நான்காவது டி.என்.ஏ. டயாட்டங்களுக்கு ஆர்.பி.சி.எல். மரபணுவின் 312 எழுத்துத் துண்டு ஐரோப்பாவில் நன்கு பழகிவிட்டது. ஒரு பங்கு மாதிரிக்கு மூன்று பங்கு 96 விழுக்காடு எத்தனால் விட்டால் கலவை 72 விழுக்காட்டில் நிற்கும், போதும். நுண்ணோக்கியில் ஒன்றாகத் தெரியும் அக்னாந்திடியம் கூட்டத்தைப் பிரித்துக் காட்டுவதில் இதற்கு ஈடில்லை. ஆனால் அந்தத் துண்டைப் பெருக்க டயாட்டத்துக்கென வடித்த முன்தொடர் (பிரைமர்) ஹைட்ரூரசைத் தேடிப் போவதில்லை. பழைய குறை புதிய கருவியில் திரும்ப வரும். அதையும் பிடிக்க 18எஸ் மரபணுவுக்குத் தனியாக ஓட்ட வேண்டும், செலவு இரட்டிக்கும். பெரிய செல்களுக்கு மரபணு நகல் அதிகம் என்பதால் வரும் விழுக்காடு செல் எண்ணிக்கையின் விழுக்காடு அல்ல. இறந்த செல்லின் டி.என்.ஏ.வும் பேசும். களிமண் டி.என்.ஏ.வைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஆகஸ்ட் மாதிரிகளில் விளைச்சல் குறையும். வெறும் வடிகட்டிய நீரை மாதிரி போலவே நடத்தி ஒரு வெற்றுக் குழாயும் ஒவ்வொரு பயணத்திலும் அனுப்ப வேண்டும்.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் உயிர்ப் பார்வை. இரண்டு என்றால் அதோடு பச்சைய அளவு. மூன்றாவதாக டயாட்டம் ஸ்லைடு, ஆனால் மும்மடங்கு மாதிரிகளுக்கும் அல்ல, மூன்றையும் கலந்து கிளைக்கு ஒன்று வீதம்; 24 ஸ்லைடு, 12 நாள். டி.என்.ஏ.வுக்குக் குழாயை மட்டும் எடுத்து உறையவைத்து வைக்கலாம், பணம் வந்தபிறகு ஓட்டிக்கொள்ளலாம். கையில் பணம் தாராளமாக இருந்து, பாசியைக் கண்ணால் அறியும் ஆள் மட்டும் இல்லை என்றால் டி.என்.ஏ. முதலிடத்துக்கு வரும்; அப்போது 18எஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

பன்மையைப் பருவங்களுக்கிடையே ஒப்பிடும்போது எண்ணிய அளவு சமமாக இருக்க வேண்டும். ஆகஸ்டில் 150 ஓட்டிதழ்தான் கிடைத்தது, ஏப்ரலில் 400 என்றால், ஏப்ரலையும் 150க்குச் சுருக்கிக் கணக்கிட்டுத்தான் இன எண்ணிக்கையைப் பக்கத்தில் வைக்கலாம். ஹைட்ரூரஸ் மேலோங்கிய மாதத்தில் மொத்தப் பச்சையம் உச்சத்தில் இருக்க, இனங்கள் எவ்வளவு சமமாகப் பங்கிட்டிருக்கின்றன என்று காட்டும் சமநிலைக் குறியீடு தரையில் கிடப்பது பிழை அல்ல. ஒற்றைப் பாசி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதையே அது சொல்கிறது.

இதே திட்டத்தை இமயமலைக்கு, சொல்லப்போனால் பாகீரதியின் தலைப்பகுதிக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். அங்கே ஜூலை, ஆகஸ்டில் உருகலும் பருவமழையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். மாலை அலையை மட்டும் பார்த்துப் பனியாற்றின் நிலையை ஊகிக்க முடியாது, மழை அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, கங்கோத்ரியிலிருந்து பனியாற்றின் முகப்பான கோமுக் போகும் சுமார் 18 கிலோமீட்டர் பாதை தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அனுமதி வேண்டும், நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு, குளிர்காலத்தில் பாதை மூடியிருக்கும். டிசம்பர், பிப்ரவரிப் பயணங்களை அங்கே மறந்துவிடலாம். பாதை திறந்த முதல் வாரமும், மூடுவதற்கு முந்தைய வாரமும்தான் இரண்டு சாளரங்களின் கைக்கெட்டும் ஓரங்கள். அனுமதிக் கடிதத்தில் மாதிரி எடுப்பதைத் தனியாகக் குறிப்பிட்டு, முதல் பயணத்துக்கு முன்பே வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.